கூலன்டில் ஆயில் கலந்தால் ஹெட்டைக் கழற்றுவதுதான் முதல் வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய டீசல் கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை பலருக்கும் பயன்பட்டிருக்கும். ஆனால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் தொட்டியில் ஆயில் தென்பட்டாலே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினுக்குப் பெரிய செலவு காத்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்ததை அப்படியே ஏற்பதற்கில்லை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் அந்த ஹெட் கேஸ்கெட் பழுதானாலும் ஆயில் கலக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடக் குறைந்த செலவில் தீரக்கூடிய ஆயில் கூலர் கசிவு என்ற காரணத்தைச் சோதித்துக்கூடப் பார்க்காமல், வண்டிக்காரரைப் பயமுறுத்தி ஹெட்டைக் கழற்றும் பழக்கம் பட்டறைகளில் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. கட்டுரை அதற்கு வலுச் சேர்த்துவிடக் கூடாது.

டீசல் கார்கள் பலவற்றிலும் டர்போ பொருத்திய பெட்ரோல் கார்கள் சிலவற்றிலும், ஆயில் ஃபில்டர் இருக்கும் இடத்தை ஒட்டியே ஆயிலின் சூட்டைத் தணிக்கும் சிறிய அலுமினியக் கூலர் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டவைத்த அதன் உள்ளே, ஓர் இடைவெளியில் ஆயிலும் அடுத்த இடைவெளியில் கூலன்டும் ஓடி, ஒன்றோடொன்று கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றிக்கொள்ளும். இன்ஜினோடு அது சேரும் இடத்திலுள்ள ரப்பர் கேஸ்கெட் சூட்டில் கெட்டிப்பட்டு விரிசல் விட்டால் ஆயில் வெளியே வழிந்து தரையில் சொட்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. கேஸ்கெட்டை மாற்றினால் போதும். தகடே உள்ளுக்குள் அரித்து ஓட்டை விழுந்துவிட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது.

இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் 3, 4 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். கூலன்டின் அழுத்தமோ பெரும்பாலும் 1.5 பாருக்குள் அடங்கிவிடும். ஆகவே ஓடும் வண்டியில் ஆயில்தான் கூலன்டுக்குள் புகும். இன்ஜினை நிறுத்தியதும் ஆயிலின் அழுத்தம் உடனே இறங்கிவிட, சூடாக இருக்கும் கூலன்டின் அழுத்தம் மட்டும் சற்று நேரம் நீடிப்பதால், ஓட்டை பெரிதாக இருந்தால் கூலன்ட் ஆயில் பக்கம் கசியவும் கூடும். ஆயிலின் அளவைப் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கையில் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டவே கூடாது. பேரிங்குகள் தேய்ந்து, சிறு செலவில் முடிந்திருக்க வேண்டியது பெருஞ்செலவாகிவிடும்.

எங்கள் தெருவில் ஒருவரின் காருக்கு இதுதான் நேர்ந்தது. கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று அப்பியிருந்தது. முதலில் போன பட்டறையில் எதையும் கழற்றிப் பார்க்காமலே ஹெட் வேலை என்று சொல்லி முன்பணமும் கேட்டிருக்கிறார்கள். பிறகு அவர் வண்டியைக் கட்டி இழுத்துச் சென்ற சிறிய பட்டறையில், மெக்கானிக் ஆயில் கூலரை மட்டும் கழற்றி, ஆயில் போகும் இரு வாய்களுள் ஒன்றை ரப்பர் அடைப்பானால் இறுக்கிவிட்டு, மற்றதன் வழியே கம்ப்ரசர் காற்றைச் செலுத்தியபடியே அதைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினார். திறந்திருந்த கூலன்ட் வாயிலிருந்து குமிழிகள் சரம் சரமாக வந்தன. அடைப்பானின் ஓரத்தில் கசியும் காற்றோ என்று அதை மாற்றிச் செருகி மறுபடியும் அமிழ்த்தி, அப்போதும் குமிழிகள் கூலன்ட் வாயிலிருந்தே வந்த பிறகே கூலர்தான் பழுது என்று அவர் உறுதியாகச் சொன்னார். அந்தப் பொறுமைக்கே கூலி கொடுக்கலாம்.

கூலர் நன்றாக இருந்தால் அடுத்து ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பதே முறை. அதற்கும் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டியதில்லை. எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்று நிறம் மாறும் நீலத் திரவத்தைக் கொண்டு பார்க்கலாம். சிலிண்டர்களுக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்ற கம்ப்ரஷனையும் அளந்து பார்க்கலாம்.

கூலரை மாற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், தொட்டி, ஹீட்டர் குழாய் என எல்லா இடங்களிலும் ஆயில் படிந்திருக்கும். அதற்குரிய கழுவு திரவத்தை ஊற்றி, இன்ஜினைச் சூடேற்றி, ஆறவிட்டு வடித்து, வெளியே வரும் தண்ணீரில் ஆயில் பளபளப்பு மறையும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். கூலன்ட் ஹோஸ்களுக்குப் பயன்படும் ரப்பருக்கும் ஆயிலுக்கும் ஆகாது. ஊறி உப்பி, அமுக்கினால் தொளதொளவென்று இருக்கும் ஹோஸ்களை அப்படியே விட்டால் ஒருநாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஓட்டை விழுந்த கூலரைப் பற்றவைத்தோ பசை பூசியோ திரும்ப மாட்டுவது, என் கருத்தில், வண்டிக்காரரை ஏமாற்றுவதற்குச் சமம்.

தகடுகள் ஏன் அரிக்கின்றன என்பதற்கு நம் ஊரில் கண்ணெதிரே ஒரு காரணம் இருக்கிறது. கூலன்ட் குறைந்தால் பெட்ரோல் பங்கிலோ வீட்டிலோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறோம். உப்பு மிகுந்த அந்தத் தண்ணீர் அலுமினியத்தை அரிப்பதோடு உள்ளே பொருக்காகவும் படிகிறது. கூலன்ட் என்பது நிறமேற்றிய தண்ணீர் அன்று. அரிப்பைத் தடுக்கும் பொருள்கள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன, அவையும் நாளடைவில் வலுவிழக்கும் என்பதால்தான் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

பழுது பார்த்த பின் கழற்றிய கூலரைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், என்னென்ன மாற்றினார்கள் என்று பிரித்தெழுதிய ரசீதைப் பெறுவதும் வண்டிக்காரரின் உரிமை. செய்த சேவைக்கு உரிய ரசீது தர மறுப்பதை முறையற்ற வணிகச் செயல்களுள் ஒன்றாகவே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வைத்திருக்கிறது. தங்கள் வாகனப் பக்கத்தின் அடுத்த இதழில், ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளும் முன் ஆயில் கூலரைக் காற்றடித்துச் சோதிக்கும்படி பட்டறையில் கேட்க வேண்டும் என்ற திருத்தத்தைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.