செயலாளரின் ஆண்டறிக்கை: மணல்மேட்டுப் பூக்களும் சந்தா பாக்கியும்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நம் தாவர ஆர்வலர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போய்ச் சேரும்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. விதைப் பரிமாற்றமும் மாணவர் ஓவியப் போட்டியும் நடந்தேறின.

பூக்களைப் பார்க்க நாம் சேர்ந்து போகும் மலர் நடையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சித்திரையில் நடந்துவந்ததைத் தைக்கு மாற்றியவன் நான்தான். அதற்கு எழுந்த முணுமுணுப்பு என் காதுக்கும் வந்தது. சோழமண்டலக் கரைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைக்கும் சிறு செடிகளில் பல, மார்கழி, தையில் பூத்து, விதை உதிர்த்துக் கோடைக்குள் காய்ந்துவிடும். சித்திரையில் அண்ணாந்து பார்த்தால் வேம்பும் புங்கும் பூத்திருக்கும். குனிந்து பார்க்க என்ன இருக்கிறது? தையில் வந்தவர்கள் விஷ்ணுகிராந்தியின் நீலத்தைப் பார்த்தார்கள். அடும்புக் கொடியின் ஊதாப் பூவை வெயில் ஏறி வாடுமுன் பார்த்தார்கள். இராவணன் மீசைப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதும், பெண் செடியின் முள்ளுருண்டை காற்றில் உருண்டோடி விதை பரப்பும் என்பதும் பலருக்குப் புதிய செய்தி. பெயர் கொடுத்தவர்களை நம்பிப் பேசிய வேன் பாதி காலி. காலி இருக்கைக்கும் சேர்த்துத்தான் வாடகை.

நாம் கவனித்துவந்த மணல்மேட்டை எந்திரம் வைத்துச் 'சுத்தம்' செய்துவிட்டார்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்திருந்த அடும்பு, குப்பையோடு குப்பையாகப் போயிற்று. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011-இலும் சரி 2019-இலும் சரி, மணல்மேடுகளை முதல் வகைப் பாதுகாப்பில் வைத்திருக்கின்றன. அதைச் சுட்டி மனு எழுதினேன். கையெழுத்துக்குத்தான் வீடுவீடாக அலைய வேண்டியிருந்தது. "அங்கே சவுக்கு நட்டால் போதாதா?" என்று கேட்டார் மூத்த உறுப்பினர் ஒருவர். சவுக்கு இந்தக் கரைக்கு வந்தேறி மரம். அதன் சருகு மெத்தைக்கு அடியிலிருந்து சிறு செடி எளிதில் தலைதூக்காது. அவரும் கடைசியில் கையெழுத்திட்டார்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கிப் பட்டியல் நம் தாவரப் பட்டியலை எட்டிப் பிடித்துவருகிறது. பெயர்களை இம்முறை வாசிக்கவில்லை.

ஒத்துழைத்த அனைவருக்கும், கூடம் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கோயில் காடுகளில் எஞ்சியிருக்கும் வீரை, காயா, உலக்கைப் பாலை ஆகிய மரங்களைப் பதிவேட்டில் ஏற்ற எண்ணம். தனி ஆளாக முடியாது. செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புவோர் தாராளமாக முன்வரலாம். குறுக்கே நிற்க மாட்டேன். என்னையே தொடரச் சொன்னால், மலர் நடைக்குக் கார்த்திகையிலேயே முன்பணம் வாங்கிவிடுவேன். ரசீதுப் புத்தகம் இன்றும் கையில்தான் இருக்கிறது.