ஜனவரி 21ஆம் திகதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒன்ராறியோவில் தைப்பொங்கல், தமிழ் மரபுத் திங்கள் விழாக்களை நடத்தும் சங்கங்களுக்கும் ஊர் மன்றங்களுக்கும் பழைய மாணவர் அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

ஜனவரி வந்தால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உங்கள் மண்டபங்கள் நிறைந்துவிடுகின்றன. பொங்கல், பரதம், பறை, பிள்ளைகளின் பேச்சு, அப்புறம் அரசியல்வாதிகள். வேட்டி கட்டிய நகரசபை உறுப்பினரும் "வணக்கம்" சொல்லப் பழகிய அமைச்சரும் பொன்னாடை வாங்கிக்கொண்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடுவார்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்க வந்தது வேறு. அதே மாதம் 21ஆம் திகதி, கனடியப் பாராளுமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரை நினைவுகூரும் லிங்கன் அலெக்சாண்டர் நாள். 2013இல் ஒன்ராறியோ சட்டசபையும், 2014இல் நாடு முழுவதற்குமாகக் கனடியப் பாராளுமன்றமும் அதைச் சட்டமாக்கின. தமிழ் மரபுத் திங்களை இந்த மாகாணம் சட்டமாக்கியதும் 2014இல்தான். ஆனால் நான் போன எந்தத் தமிழ் மேடையிலும் அந்த மனிதரின் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் மிசிசாகாவிலும் அவர் பெயரில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பெயர்ப்பலகையைத் தினமும் பார்ப்பவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருப்பார்கள்.

அவர் 1922இல் ரொறன்ரோவில் பிறந்தார். தாய் ஜமெய்க்காவிலிருந்து வந்து வீட்டு வேலை செய்தவர். தந்தை செயின்ட் வின்சென்ட் தீவுக்காரர், தச்சுத் தொழில் தெரிந்தவர். ஆனால் கனடாவில் அவருக்குக் கிடைத்தது ரயிலில் போர்ட்டர் வேலை. அந்தக் காலத்தில் கறுப்பின ஆண்களுக்கென்று ஒதுக்கிவைத்தது போன்ற வேலை அது. ஊரில் ஒரு தொழில், இங்கே இன்னொரு தொழில் என்ற கதையை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போரில் அலெக்சாண்டர் விமானப்படையில் வயர்லெஸ் இயக்குநராக இருந்தார். சீருடையோடு இருந்த காலத்திலேயே வன்கூவரில் ஒரு மதுக்கடையில் நிறத்தைக் காட்டி அவருக்குப் பரிமாற மறுத்தார்கள். மேலதிகாரியிடம் முறையிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. போர் முடிந்ததும் ஹமில்ரனில் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் படித்து 1949இல் பட்டம் பெற்றார். கோடை விடுமுறையில் வேலை செய்த ஸ்ரெல்கோ உருக்காலையிலேயே விற்பனைப் பிரிவில் வேலை கேட்டார். பட்டம் இருந்தது, பரிந்துரைக் கடிதங்களும் இருந்தன. வேண்டுமென்றால் ஆலைக்குள் பழைய வேலையைத் தருகிறோம் என்றார்கள். கறுப்பு முகத்தை வாடிக்கையாளர்களிடம் அனுப்ப அவர்களுக்கு மனமில்லை. அலெக்சாண்டர் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சட்டம் படிக்கப் போனார்.

ஒஸ்கூட் ஹோலில் நடந்ததைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். விரிவுரையில் சட்டக் கல்லூரியின் முதல்வரே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு மரபுத் தொடரைச் சாதாரணமாகச் சொன்னார். வகுப்பில் கறுப்பின மாணவர்கள் மிகச் சிலர்தான். அலெக்சாண்டர் எழுந்து, நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எல்லோரும் சொல்வதுதானே என்று பதில் வந்தது. தலைமைப் பதவியில் இருப்பவர் அப்படிச் சொல்லக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் அலெக்சாண்டர். தன்னைத் தேர்ச்சியடையச் செய்யவோ வீட்டுக்கு அனுப்பவோ கூடியவரிடம் அப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1953இல் படிப்பை முடித்து வெளியே வந்தார்.

1965 தேர்தலில் தோற்றார். 1968இல் பியர் ட்ரூடோவின் அலை நாடெங்கும் அடித்தபோது, அதற்கு எதிர்ப்பக்கமான முற்போக்குப் பழமைவாதக் கட்சியில் நின்று ஹமில்ரன் மேற்கில் வென்றார். பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழ்ந்த தொகுதி அது. கனடியப் பாராளுமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் அவர்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1968இல் அவர் ஆற்றிய முதல் உரை. நான் கறுப்பினத்தவரின் பேச்சாளன் அல்ல, அந்தக் கௌரவத்தை யாரும் எனக்குத் தரவில்லை என்று முதலில் சொன்னார். ஆனாலும் அவர்களுக்காகவும், இந்த நாட்டில் இனத்தாலோ மதத்தாலோ நிறத்தாலோ பாகுபாட்டுக்கு ஆளானதாக உணரும் மற்ற எல்லோருக்காகவும் பேசும் பொறுப்பை ஏற்கிறேன், அது பதிவாகட்டும் என்றார். மற்ற எல்லோருக்காகவும் என்று சொல்லியிருக்கிறார், கவனியுங்கள். அப்போது இந்த நாட்டில் தமிழர்கள் ஒரு கைப்பிடியளவுகூட இல்லை. வரப்போகிறவர்களான எங்களுக்கும் அந்த உரையில் இடம் இருந்தது.

1979இல் ஜோ கிளார்க் அரசில் தொழிலாளர் துறை அமைச்சரானார், அதிலும் அவர்தான் முதல் கறுப்பினத்தவர். அந்த அரசு ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. 1980இல் பாராளுமன்றத்தை விட்டு, ஒன்ராறியோ தொழிலாளர் இழப்பீட்டுச் சபையின் தலைவராகப் போனார். இன்றைக்கு நாங்கள் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று சொல்லும் அமைப்பின் முந்தைய வடிவம் அது. ஃபக்டரியில் கை நசுங்கியும் கிடங்கில் முதுகு பிடித்தும் அந்த அமைப்பின் படிவங்களோடு அலைந்த குடும்பங்கள் எங்களிடம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

1985இல் ஒன்ராறியோவின் துணைநிலை ஆளுநரானார். கனடாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அலங்காரப் பதவிதான், ஆனால் அவர் அதை வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளோடு கல்வியையும் இனவாதத்தையும் பற்றிக் கதைத்தார். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர்களை உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்டபோது, இந்த மாகாணத்தில் மகாராணியின் பிரதிநிதியாக இருந்தவர் அவர். எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து சேர்ந்த ஆண்டுகளும் அவர் அந்தப் பதவியில் இருந்த ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படி வந்தவர்கள் வீடு வாடகைக்குக் கேட்டபோதும் வேலை கேட்டபோதும் ஓரளவு பாதுகாப்பாக இருந்த சட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஒன்ராறியோவில் 1951இல் வந்தது, கடைகளிலும் உணவகங்களிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1954இல் வந்தது. ரயில் போர்ட்டர்களின் சங்கமும், டிரெஸ்டன் ஊரின் தச்சர் ஹியூ பேர்னற்றும், அவர்களோடு நின்ற யூதத் தொழிலாளர் அமைப்புகளும் போராடிப் பெற்றவை அவை. குடிவரவுச் சட்டத்தில் நிறவேற்றுமை எதற்கு என்று 1954இல் ஒட்டாவாவுக்கே போய்க் கேட்டது டொனால்ட் மூர் தலைமையிலான கறுப்பினக் குழு. ஒன்ராறியோ மனித உரிமை ஆணையத்தின் முதல் இயக்குநராக 1962இல் வந்த டானியல் ஹில்லும் கறுப்பினத்தவர்தான். நாங்கள் விமானத்தால் இறங்கியபோது பாதி வேலையை யாரோ செய்து முடித்திருந்தார்கள்.

இதையெல்லாம் பெற்றுக்கொண்ட நாங்கள் என்ன செய்கிறோம்? வீட்டுக்குள் கறுப்பின மக்களைக் குறிக்க எங்களில் பலர் சொல்லும் சொல்லை இந்த மடலில் எழுத மாட்டேன். நீங்களும் மேடையில் சொல்ல மாட்டீர்கள். பேஸ்மென்ற் வாடகைக்கு விடும்போது யாருக்குக் கொடுப்பதில்லை என்று தொலைபேசியில் பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். எங்கள் மீது நடந்த இன ஒடுக்குமுறையை உலகம் கேட்க வேண்டும் என்று மேடையில் சொல்லிவிட்டு, இறங்கி வந்து இப்படி நடந்துகொள்வது வெட்கக்கேடு. ஒஸ்கூட் ஹோல் முதல்வர் சொன்ன அதே "எல்லோரும் சொல்வதுதானே" தான் எங்கள் பதிலும்.

அதனால் கேட்கிறேன். ஜனவரி 21ஐ ஒட்டி வரும் உங்கள் நிகழ்ச்சியில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கும் ஓர் அமைச்சரை அழைக்க வேண்டாம். ஹமில்ரனிலோ ரொறன்ரோவிலோ கறுப்பின வரலாற்றைச் சேகரிப்பவர்களையும் ஆசிரியர்களையும் அழையுங்கள். பொன்னாடையை அவர்களுக்குப் போர்த்துங்கள். அந்த முதல் உரையின் பகுதியை ஒரு பிள்ளை ஆங்கிலத்திலும் இன்னொரு பிள்ளை தமிழிலும் வாசிக்கட்டும். பேச்சுப் போட்டியில் இவரையும் ஒரு தலைப்பாக வையுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கவும் விஷயம் உண்டு: ஹமில்ரனில் 1997இல் திறந்த லிங்கன் அலெக்சாண்டர் பார்க்வே என்ற வேகச்சாலைக்குப் பெயர் கொடுத்தவர், வாழ்நாளில் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்ததே இல்லை.

அவர் 2012 ஒக்டோபரில் காலமானபோது அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. ஆகவே அவருக்கு எங்கள் மேடை தேவை என்று நான் சொல்லவில்லை. பேச்சுப் போட்டித் தலைப்புகளை வழக்கமாக மாரிகாலம் தொடங்கும்போதே அனுப்பிவிடுவீர்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன். உரையைத் தமிழில் பெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

அன்புடன்,
ஒவ்வொரு வருடமும் உங்கள் மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் ஒருவன்