கைக்கு எட்டும் சீட்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. முதலில் குட்டி போனைப் பிடுங்கிக்கொண்டாள், அப்புறம் உன் அம்மா. அதனால் எழுதியே அனுப்பிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, பொங்கலுக்கு நீயும் குட்டியும் மட்டும் டாலஸிலிருந்து வருகிறீர்கள், பிசினஸ் கிளாஸ் எடுக்கலாமா என்பதுதானே கேள்வி? எடு. ஆனால் முழுக்க எடுக்காதே. டாலஸ்–தோஹா மட்டும் பிசினஸ். தோஹா–சென்னை எகானமியிலேயே வா. திரும்பிப் போகிறபோதும் எகானமியே போதும்.

உன் அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "மூணு வயசுப் பிள்ளைக்குப் படுக்கை எதுக்கு? அந்தக் காசுக்கு அவளுக்கு ஒரு சங்கிலி எடுக்கலாமே" என்கிறாள். கணக்கில் அவள் சொல்வது தப்பில்லை. குட்டிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, இனி மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது, தனி சீட் எடுத்தே ஆக வேண்டும். சிறுவர் கட்டணம் என்று பெரிதாகக் குறைத்துவிட மாட்டார்கள், பெரியவர் கட்டணத்தில் முக்கால் பங்காவது வரும். சில சலுகைக் கட்டணங்களில் அந்தக் கால் பங்குத் தள்ளுபடிகூடக் கிடையாது. பிசினஸ் என்றால் எகானமியைப்போல் மூன்று, நான்கு மடங்கு. இரண்டு பேருக்கு அது பெரிய பணம்தான்.

ஆனால் அவள் ஒன்றை மறந்துவிடுகிறாள். அந்தப் படுக்கை குட்டிக்கு இல்லை, உனக்கு. மூன்று வயசுப் பிள்ளை எங்கேயும் தூங்கும். தலை உன் மடியில், கால் பக்கத்து சீட்டில் என்று போட்டால் எகானமியிலும் தூங்கிவிடும். அப்படித் தூங்கும்போது அசையாமல் உட்கார்ந்திருப்பது யார்? கால் மரத்துப்போனாலும், பாத்ரூம் போக வேண்டியிருந்தாலும், சாப்பாட்டுத் தட்டு முன்னால் ஆறிக் கிடந்தாலும் எழுந்திருக்க முடியாமல் இருப்பது நீ. மாப்பிள்ளை கூட வந்தால் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். தனியாக வருகிறபோது பதினான்கு, பதினைந்து மணி நேரம் அப்படியே உட்கார்ந்து வர வேண்டும்.

அதோடு முடிகிறதா? ஜனவரியில் டாலஸுக்கும் நமக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அவளுக்கு ராத்திரி பகலாகிவிடும். வந்த முதல் சில நாள் நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பொம்மை கேட்பாள். நாங்கள் இருக்கிறோம், பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லலாம். ஆனால் புது வீடு, புது இருட்டு. அந்த நேரத்தில் தாத்தா பாட்டி எல்லாம் செல்லாது, அம்மாதான் வேண்டும் என்பாள். நீ கொஞ்சமாவது தூங்கி வந்திருந்தால்தான் அதைத் தாங்க முடியும்.

சின்னப் பிரயாணம் ஏன் எகானமி என்றால், தோஹாவிலிருந்து சென்னை நாலரை மணி நேரம்தான். ஏறி, சாப்பாடு கொடுத்து, தட்டை எடுத்து, ஒரு கார்ட்டூன் முடிந்தால் இறங்கியாயிற்று. திரும்பும்போது தோஹாவில் காலையில் கிளம்பும் விமானமாகப் பார்த்து எடு. மேற்கே போவதால் கிட்டத்தட்ட வழி முழுக்க வெளிச்சம். தூங்க வைக்க வேண்டும் என்ற போராட்டமே இல்லை. அந்தப் பக்கம் இறங்கினால் பிள்ளையை வாங்கிக்கொள்ள மாப்பிள்ளை நிற்பார். ஒன்று மட்டும் கவனம்: மலிவாக வருகிறது என்று இரண்டு துண்டாக டிக்கெட் வாங்காதே. வகுப்பு கலந்து வந்தாலும் எல்லாம் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகிக் கனெக்ஷன் போய்விட்டால், ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

இப்போது சீட் விஷயம். இதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். டிராவல்ஸில் இத்தனை வருஷம் டிக்கெட் போட்டவன் சொல்கிறேன், பிள்ளையோடு போகிறவர்களுக்கு பிசினஸில் வருகிற தொல்லை பெரும்பாலும் சீட்டில்தான் ஆரம்பிக்கும். 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸில் முழுக்கப் படுக்கிற சீட்டைக் கொண்டுவந்தபோது எங்கள் ஆபீஸில் அந்த விளம்பரத்தாளை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தோம். சிவப்புக் கார்பன் டிக்கெட் காலம் அது. திருச்சியில் எங்களிடம் வந்தவர்கள் முக்கால்வாசி சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா போகிறவர்கள். பிசினஸ் கேட்பவர் எப்போதாவது ஒருவர்தான். அதற்கப்புறம் எல்லா நிறுவனமும் படுக்கைக்கு மாறின, பிறகு தடுப்பு வைத்தார்கள், இப்போது கதவே வைத்துவிட்டார்கள். தனியாகப் போகிற கம்பெனி அதிகாரிக்கு அது சுகம். பிள்ளையோடு போகிற தாய்க்குத் தடுப்பு என்பது தடுப்புதான். 1-2-1 என்று வரிசை இருக்கும், அதாவது இரண்டு ஜன்னலோரமும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு. ஜன்னலோரம் உனக்கொன்று, பின்னால் அவளுக்கொன்று என்று போட்டுவிட்டால், பெல்ட் போட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து உனக்கு அவள் உச்சந்தலைகூடத் தெரியாது. அவள் அழுதால் எழுந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். பெல்ட் விளக்கு எரிகிறபோது அதுவும் முடியாது.

கத்தார் ஏர்வேஸில் க்யூஸூட் என்று 2017இல் கொண்டுவந்தார்கள். அதில் நடு சீட்டுகள் இரண்டு வகை. ஒரு வரிசையில் நடு இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும், நடுத்தடுப்பை இறக்கினால் இரட்டைக் கட்டில் ஆகிவிடும். அடுத்த வரிசையில் அதே நடு இரண்டு சீட் ஆளுக்கொரு நடைபாதையை ஒட்டி விலகி இருக்கும், நடுவில் மேஜைப் பலகை. சீட் மேப்பை அவசரமாகப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து சீட்டாகத்தான் தோன்றும், படத்தை உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். உனக்கு வேண்டியது ஒட்டியிருக்கிற ஜோடி. அது விமானத்தின் வாலைப் பார்த்தபடி இருக்கும். ஏறும்போது உடம்பு முன்னால் சரிகிற மாதிரி கொஞ்சம் விநோதமாக இருக்கும், பயப்படாதே. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கதவைத் திறந்துதான் வைப்பார்கள். எல்லா விமானத்திலும் இந்த க்யூஸூட் இல்லை, கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் சீட்டும் மாறிவிடும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் சீட் மேப்பை இன்னொரு தடவை திறந்து பார்த்துவிடு.

வேறு நிறுவனம் எடுப்பதானாலும் இதையே பார். பழைய பாணியில் இரண்டிரண்டாக ஒட்டி வைத்த 2-2-2 கேபின் என்றால் இணையத்தில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். உனக்கு அதுதான் நல்லது. படுத்த இடத்திலிருந்து கையை நீட்டினால் பிள்ளை மேல் படுகிறதா என்பதுதான் ஒரே சோதனை.

கட்டணத்தைப் பார்க்கும்போது இன்னொன்று. சில நிறுவனங்களில் பிசினஸிலேயே மிக மலிவான டிக்கெட் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் சீட்டை முன்கூட்டித் தேர்ந்தெடுக்கத் தனியாகப் பணம், லவுஞ்ச் (விமான நிலையத்தில் ஓய்வெடுக்கிற கூடம்) கிடையாது. லவுஞ்ச் போனால் போகட்டும். சீட் தேர்வு இல்லாத டிக்கெட் வேண்டாம், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை உறுதி செய்துகொள்.

படுக்க வைத்த பிறகு குட்டியின் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி போடு. போர்வைக்கு அடியில் போட்டால், விமானம் குலுங்கும்போது க்ரூ வந்து போர்வையை விலக்கிப் பார்ப்பார்கள். நீ மணிக்கணக்காகத் தட்டித் தூங்க வைத்தது வீணாகிவிடும். அப்புறம் அந்த சீட்டின் பக்கவாட்டில் பட்டன்கள், சரியாக அவள் கை உயரத்தில். அழுத்தினால் சீட் நகரும், அவளுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு வேறென்ன? சீட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பொம்மை விழுந்தால் பரவாயில்லை. போன் விழுந்தால் மட்டும் சீட்டை ஒரு அங்குலம்கூட நகர்த்தாதே. இயந்திரத்தில் சிக்கி நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். க்ரூவைக் கூப்பிடு, அவர்கள் எடுத்துத் தருவார்கள். சில சீட்டுகளில் பெல்ட்டுக்குள்ளேயே ஏர்பேக் வைத்திருப்பார்கள். அதனால் கார் சீட் கொண்டுவருவதானால் முதலில் கேட்டுக்கொள். என்னைக் கேட்டால் வேண்டாம், நடக்கிற பிள்ளைக்குப் பெல்ட் போதும்.

சாப்பாட்டைப் பற்றி உன் அம்மா தனியாகப் பேசுவாள். என் பங்குக்கு இவ்வளவுதான்: குழந்தைச் சாப்பாட்டைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லி வை, அதை நம்பி மட்டும் ஏறாதே. குழைந்த தயிர்சாதம் ஒரு டப்பா எடுத்துக்கொள். டாலஸில் செக்யூரிட்டியில் சின்னப் பிள்ளைச் சாப்பாடு, பால், ஜூஸ் எல்லாம் 100 மில்லிக்கு மேல் இருந்தாலும் தேவையான அளவு விடுவார்கள். பையிலிருந்து நீயே முதலில் எடுத்துக் காட்டிச் சொல்லிவிடு. பிசினஸில் கொடுக்கிற ஹெட்போன் பெரியவர்கள் தலைக்குச் செய்தது, அவள் தலையில் நிற்காது. அவளுடைய வயர் வைத்த சின்ன ஹெட்போனை எடுத்து வா.

இறங்கும்போது காது. தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே விமானம் இறங்க ஆரம்பித்துவிடும். தூங்குகிற பிள்ளை எச்சில் விழுங்குவது குறைவு, அதனால் காது அடைத்து வலியோடு விழித்துக் கத்தும். பாவம் என்று தூங்க விடாதே. அந்த நேரத்தில் எழுப்பி ஸ்ட்ராவில் ஏதாவது குடிக்கக் கொடு.

நீ போனில் ஒன்று சொன்னாயே, "அவ கத்துனா எல்லாரும் என்னையே பாப்பாங்கப்பா" என்று. பார்ப்பார்கள். மலேசியா ஏர்லைன்ஸ் 2011இல் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளை ஏற்றுவதில்லை என்று சொன்னபோது கைதட்டியவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு. ஜப்பான் ஏர்லைன்ஸ் சீட் மேப்பில் கைக்குழந்தை எங்கே இருக்கிறது என்று ஒரு படம் போட்டுக் காட்டுகிறது. வேண்டாதவர்கள் தள்ளி உட்காரலாம், அது நியாயமான ஏற்பாடு. உன்னைப் போலவே அவளும் காசு கொடுத்து வருகிற பயணி. சீட்டை உதைக்காமல் பார்த்துக்கொள், ஐபேடைச் சத்தமாக வைக்காதே. அதற்கு மேல் அழுதால் அழட்டும். ஏறின உடனே பக்கத்தில் இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டு சாக்லேட் பொட்டலம் கொடுக்கிற புது வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை, எதற்கு மன்னிப்பு?

தோஹாவில் அடுத்த விமானம் எகானமி என்பதால் லவுஞ்ச் உண்டா என்று டிக்கெட் போடும்போதே கேட்டு வை, அதை நம்பி வராதே. அங்கே குட்டிக்கு வேறு வேடிக்கை இருக்கிறது. தலையில் விளக்கு வைத்த பிரமாண்டமான மஞ்சள் கரடி பொம்மை ஒன்று, நடுக்கூடத்தில். 2022இல் திறந்த உள்தோட்டம் ஒன்றும் இருக்கிறது, நிஜ மரங்கள். அவளை அங்கே இஷ்டத்துக்கு ஓட விடு. ஓடிக் களைத்தால் அடுத்த நாலரை மணி நேரம் உனக்குக் கவலையில்லை.

குட்டியுடைய அமெரிக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் இந்தியா வருவதற்கான ஓ.சி.ஐ. அட்டை இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதே. மாப்பிள்ளையிடம் "மனைவி தனியாகக் குழந்தையை அழைத்துப் போக எனக்குச் சம்மதம்" என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள். கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

சென்னைக்கு நான் கார் எடுத்து வந்துவிடுகிறேன். திருச்சி வரைக்கும் எப்படியும் ஐந்தாறு மணி நேரம், நடுவில் நிறுத்தி இட்லி சாப்பிட்டு வரலாம். டிக்கெட்டை உறுதி செய்வதற்கு முன்னால் எந்த விமானம், எந்த சீட் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பு, நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். சங்கிலி விஷயத்தில் உன் அம்மாவிடம் வாயைக் கொடுக்காதே. அவள் ஏற்கெனவே கடைக்குப் போய்ப் பார்த்து வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா