கறுப்பு போனை ஏன் தூக்குனீங்க?

ஆசிரியருக்கு வணக்கம். பழைய காமெடி நாடகங்கள் திரும்ப மேடை ஏறுறதப் பத்தி போன வாரம் போட்டிருந்தீங்க, சந்தோஷம்தான், ஆனா எனக்கு ஒரு ஆதங்கம். போன மாசம் இங்க ஒரு சபாவில எழுபதுகள்ல எழுதின ஆள்மாறாட்ட நாடகம் ஒண்ண "இன்றைய தலைமுறைக்காக"ன்னு போட்டாங்க, காலேஜ் படிக்கிற என் தங்கச்சி பொண்ணையும் இழுத்துட்டுப் போனேன். பழசுல ஹால்ல கறுப்பு போன் அடிக்கும், யாருன்னு தெரியாம மாப்பிள்ளை மாமனார்கிட்டயே மாமனாரத் திட்டித் தீர்ப்பான், சபாவே அதிரும். இவங்க அவன் கையில செல்போனக் குடுத்துட்டாங்க. "ஏன் மாமா, ஸ்கிரீன்ல பேரு வராதா?"ன்னு கேட்டா பாருங்க, எனக்கே சிரிப்பு நின்னு போச்சு. நடுவுல ரீல்ஸ் ஜோக் வேற, அதுக்கு மரியாதைக்கு சிரிச்சது பூரா எங்க வயசுக்காரங்கதான்.

சோவோட முகமது பின் துக்ளக் 1968ல மேடைக்கு வந்தது, 1971ல படமாவும் வந்துச்சு. நான்தான் அந்தக் காலத்து துக்ளக் சுல்தான், கல்லறையிலேர்ந்து எழுந்து வந்தேன்னு ஒருத்தன் சொல்றான், ஊரே நம்புது, பிரதமர் ஆகி பாரசீகத்த தேசிய மொழி ஆக்குறான், ஆதரவு குடுக்க வந்தவனுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. இதுல எதை சார் அப்டேட் பண்றது? வீட்டுக்கு வர்ற வழியில ஆட்டோல கதைய மட்டும்தான் சொன்னேன், தங்கச்சி பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா.

கிரேசி மோகன் 1976ல எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதின கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்தான் அவர் பேருக்கு முன்னாடி அந்த கிரேசிய ஒட்டவெச்சது, 2019ல போயும் சேந்துட்டாரு, ஆனா அவர் நாடகங்கள்ல வர்ற மாதுவும் ஜானகியும் இன்னும் பழசாகல, ஏன்னா அவர் ஜோக் வார்த்தையில இருக்கு, ஒண்ணுக்கு சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து விழும். அன்னிக்கு நான் பாத்த நடிகர்கள் ஒவ்வொரு ஜோக்குக்கும் நின்னு கைதட்டல எதிர்பாத்தாங்க. அந்த வேகத்த முதல்ல கொண்டு வாங்கப்பா.

மாத்தவே கூடாதுன்னு சொல்லல. பொண்டாட்டிய மட்டம் தட்றது, திக்குவாயக் கிண்டல் பண்றது, இதையெல்லாம் தாராளமா வெட்டலாம், அந்த இடத்துல என் பக்கத்து சீட்டு மூஞ்சி சுருங்கினத நான் பாத்தேன். சீனுக்கு சீன் லைட்ட அணைச்சு சோபாவ நகத்துறதையும் குறைக்கலாம், ரெண்டரை மணி நேரத்துல பாதி அதுலயே போயிடுது, கேன்டீன் போண்டா வேற ஆறிடுது.

அந்தக் குழு மறுபடி போடப் போறாங்களாம். கறுப்பு போன் கிடைக்கலன்னா எங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்கு, டயல் ஏழுல கொஞ்சம் மாட்டும், வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் வாசகன்