இத்தாலியின் துரின் நகரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. போன ஞாயிறு தொலைபேசியில் பேசும்போது, ஓவ்ரா என்ற இரகசியப் போலீஸ் முசோலினி ஒருவரின் கைவேலை என்பதுபோல் நீ சொன்னது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அது அவர் ஒருவரின் வேலை அல்ல. முசோலினி சர்வாதிகாரியாக ஆண்டபோதும் இத்தாலி முடியரசுதான். 1926 அக்டோபரில் பொலோஞ்ஞாவில் முசோலினியை நோக்கித் துப்பாக்கிச்சூடு நடந்தது. அடுத்த மாதமே எதிர்க்கட்சிகளை ஒழித்த சட்டங்கள் வந்தன. அவற்றில் கையொப்பமிட்டவர் மன்னர் மூன்றாம் விக்தர் இம்மானுவேல். அந்தச் சட்டங்களின் துணையோடுதான் காவல்துறைத் தலைவர் அர்த்துரோ பொக்கினி 1927-இல் ஓவ்ராவின் முதல் அலுவலகத்தை, ஒயின் வணிக நிறுவனம் என்ற போர்வையில், மிலானில் தொடங்கினார்.

ஆட்களைக் கண்காணித்து எழுதிய கோப்புகளோ ஓவ்ராவுக்கும் மூத்தவை. 1894-இல், கிறிஸ்பி பிரதமராக இருந்தபோதே, அரசுக்கு ஆகாதவர்களைப் பற்றிய மையப் பதிவேடு தொடங்கிவிட்டது. அது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் கோப்புகளாகப் பெருகியது. அதன் அச்சிட்ட படிவத்தில் உயரம், நெற்றி, மூக்கு, காது என்று தொடங்கி, ஆள் எப்படி நடப்பார், வழக்கமாக என்ன உடுத்துவார் என்பதுவரை தனித்தனியாக இடம் விட்டிருந்தார்கள்.

நீ வசிக்கும் துரினில்தான், 1935 மே மாதம், வித்தோரியோ ஃபோவா என்ற இளைஞர் கைதானார். வயது இருபத்து நான்கு, ஏறத்தாழ உன் வயது. முசோலினியை எதிர்த்த இயக்கம் ஒன்றைச் சேர்ந்த அவருடைய குழுவைக் காட்டிக்கொடுத்தவர் பித்திகிரில்லி என்ற புனைபெயரில் எழுதிய பிரபல நாவலாசிரியர். அந்த எழுத்தாளரின் உறவினர் ஒருவர் முந்தைய ஆண்டு அதே இயக்கத்துக்காகச் சிறை சென்றிருந்ததால், குழுவினர் எழுத்தாளரை நம்பி, வீட்டுக்குள் அழைத்து, உடன் அமர்த்திப் பேசினார்கள். பேசியதெல்லாம் அறிக்கையாகப் போனது. ஃபோவாவுக்குப் பதினைந்து ஆண்டுத் தண்டனை. முசோலினி வீழ்ந்த பிறகு, 1943 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை, அம்மா. சீருடைக்காரன் வந்து பிடித்தால் விலகி நிற்கத் தோன்றும். நம் வீட்டில் காப்பி குடிப்பவனிடமிருந்து எப்படி விலகுவது?

1946 ஜூன் 2 வாக்கெடுப்பில் முடியாட்சி போனது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஓவ்ராவுக்குத் தகவல் சொன்ன அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அரசிதழ் வெளியிட்டது. அந்த நாவலாசிரியரின் பெயரும் அதில் இருந்தது.

அந்த மையப் பதிவேட்டின் கோப்புகள் இன்று ரோமில், மத்திய அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விடுமுறையில் போனால் ஒன்றையாவது கேட்டு வாங்கிப் பார். நடை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்பாவுக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா