எறும்புத்தின்னிக்கு விலை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எறும்புத்தின்னி பிடிபட்ட செய்தி எப்போது வந்தாலும் "சர்வதேசச் சந்தையில் இத்தனை லட்சம் மதிப்பு" என்ற வரியும், விலங்கை வாலைப் பிடித்துத் தொங்கவிட்ட படமும் தவறாமல் வருகின்றன. இரண்டையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அந்தத் தொகை பிடித்தவன் கைக்கு வந்து சேர்வதே இல்லை. ஆனால் செய்தியைப் படித்தவன் மனதில் அந்த எண் ஒட்டிக்கொள்கிறது. மருந்தென்று நம்பி வாங்கப்படும் அதன் உடல் செதில் நம் நகத்திலும் முடியிலும் உள்ள அதே கெரட்டின்தான், அது நோய் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆசியாவில் 4, ஆப்பிரிக்காவில் 4 என்று மொத்தமுள்ள 8 இனங்களையும் 2016-இல் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாடு முதல் பட்டியலில் சேர்த்து, வணிக நோக்கிலான சர்வதேச வர்த்தகத்தைத் தடை செய்தது. சட்டப்படி சந்தையே இல்லாத பொருளுக்கு நாம் ஏன் விலை சொல்ல வேண்டும்?

படத்தின் கேடு வேறு வகை. பயந்தால் பந்தாகச் சுருளும் விலங்கு இது. தாயாக இருந்தால் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் சுருளும். படத்துக்காக நெம்பி விரிக்கும்போது இரண்டுக்குமே காயம் படலாம். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

மீட்பவர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. கம்பிக் கூண்டில் அடைத்தால் ஓயாமல் பிறாண்டி நகத்தை உடைத்துக்கொள்ளும். அந்த நகம் போனால் புற்றைத் தோண்ட வழியில்லை. காற்றுத் துளையுள்ள கனத்த மரப்பெட்டி, இருட்டு, நிழல், அமைதி, தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் போதும். பாலும் சோறும் வேண்டாம். பல்லே இல்லாத அது எறும்பையும் கரையானையும் நீண்ட நாக்கால் நக்கி விழுங்கி, தசை வலுத்த இரைப்பையில் அரைக்கிறது. கடத்தல்காரர்கள் எடை கூட்ட மாவுக் கரைசலை வயிற்றில் செலுத்துவதுண்டு. ஆகவே மேலுக்கு நன்றாகத் தெரிந்தாலும் கால்நடை மருத்துவர் பார்க்காமல் விடுவிக்கக் கூடாது. அடைபட்ட அதிர்ச்சியில் நிமோனியாவும் இரைப்பைப் புண்ணும் வந்து, மீட்ட சில நாளில் இறப்பவை பல. உயிர்காக்கும் வேலை கூண்டைத் திறந்த பிறகுதான் தொடங்குகிறது.

மின்வேலியைப் பற்றி நம் செய்திகள் பேசுவதே இல்லை. தென்னாப்பிரிக்காவின் தரைவாழ் இனம் பின்னங்கால்களில் நடக்கும். செதிலற்ற வயிறு வேலியின் அடிக்கம்பியில் பட்டதும் தற்காப்புக்காக அந்தக் கம்பியையே சுற்றிச் சுருள்கிறது. விடாத மின்னதிர்ச்சியில் பிடி இறுகுகிறதே தவிர தளர்வதில்லை, அப்படியே சாகிறது. அடிக்கம்பியை உயர்த்திக் கட்டினாலோ, அந்த ஒரு கம்பிக்கு மட்டும் இரவில் மின்சாரத்தை நிறுத்தினாலோ இந்தச் சாவு குறையும். இரவில் தானாக நடந்து போகும் எறும்புத்தின்னிக்கு மீட்பே தேவையில்லை, வழிவிட்டால் போதும்.

எடை, காயம், சிகிச்சை, விடுவித்த நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். விடுவித்த இடத்தின் பெயரை மட்டும் அச்சிடாதீர்கள், வேட்டைக்காரனும் நாளிதழ் படிக்கிறான்.

இப்படிக்கு,
வாசகர்