ஒற்றை ஆளாக எழுந்து நின்றவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டன் தொழிற்கட்சியின் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கெய்ர் ஹார்டிக்கு அதில் ஒரே ஒரு வரி, 1906இல் நாடாளுமன்றத்தில் அக்கட்சியின் முதல் தலைவர் என்று. தகவல் சரிதான். ஆனால் அந்தப் பதவி அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர், 1908இல் விட்டுவிட்டார். அவருடைய பெரிய நாள் அதற்கெல்லாம் முன்பே வந்துபோனது.

1894 ஜூன் 23. வேல்ஸில் ஆல்பியன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 290 பேர் இறந்தார்கள். அதே நாள் அரச குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பிற்பாடு எட்டாம் எட்வர்ட் ஆனவர். குழந்தைக்காக நாடாளுமன்றத்தில் வாழ்த்துத் தீர்மானம் வந்தது. கொலையுண்ட பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோவுக்காக இரங்கலும் தெரிவித்தார்கள். சுரங்கத்தில் போனவர்களுக்கும் ஒரு வார்த்தை சேருங்கள் என்று கேட்டார் ஹார்டி. அரசு மறுத்தது. தொழிற்கட்சி உருவாகும் முன்பே இருந்த சுதந்திரத் தொழிற்கட்சிக்கு அன்று சபையில் இருந்தது அவர் ஒருவர்தான். வாழ்த்தை எதிர்த்துப் பேச எழுந்தார். சுற்றிலும் ஒரே கூச்சல். பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பத்து வயதில் சுரங்கத்துக்குள் போனவர் அவர். இருட்டில் தனியாக உட்கார்ந்து காற்றுக்கதவைத் திறந்து மூடுகிற வேலை. அதற்கு முன் கிளாஸ்கோவில் ரொட்டிக்கடைப் பையன். உடம்பு முடியாத தம்பியைப் பார்த்துக்கொண்டதில் இரண்டு நாள் தாமதமாகப் போனதற்கு வேலையும் போயிற்று, ஒரு வாரச் சம்பளமும் போயிற்று.

என் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். நைட் ஷிஃப்ட் முடிந்து வாசலில் அவர் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும்வரை அம்மா அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். அந்த 290 வீடுகளை நினைக்கும்போது எனக்கு அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

1895 தேர்தலில் ஹார்டி தோற்றார். அப்புறம் 1900இல் அவரை மறுபடி சபைக்கு அனுப்பியது வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் தொகுதி. சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். 1915இல் அவர் சாகும்வரை கைவிடவில்லை. 1907இல் இந்தியா வந்து, கனடாவைப் போல இந்தியர்களுக்கும் தன்னாட்சி வேண்டும் என்று பேசினார். லண்டன் பத்திரிகைகள் அவரைத் தாளித்து எடுத்தன.

இவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். அந்த 1894 பேச்சு பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பதிவுகளில் இருக்கிறது. அதையும் தமிழில் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நெய்வேலி